ஊருணி வறண்டால் வரத்துக்காலைப் பாருங்கள்: ஜெபவாழ்வின் தடங்கல்களை அறிகுறி கொண்டு கண்டறிந்து நீக்கும் முறை

செட்டிநாட்டு ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்த பிறகும் ஓர் ஊருணி நிரம்பவில்லை என்றால், விவரம் தெரிந்த பெரியவர்கள் ஊருணிக்குள் இறங்கித் தோண்டும்படி முதலில் சொல்வதில்லை. நீர் வந்து சேரும் வரத்துக்காலின் வழியே ஒருமுறை நடந்து, அது எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே சீமைக்கருவேல் மண்டியிருக்கிறது, எங்கே யாரோ கொட்டிய கட்டடக் கழிவு அதை மறித்திருக்கிறது என்று பார்த்து வரச் சொல்வார்கள். கரையும் படித்துறையும் பழுதின்றி இருக்கும், ஆழமும் குறைந்திருக்காது, எங்கோ ஒரு திருப்பத்தில் கிடக்கும் இரண்டு வண்டி மண் ஓர் ஊரின் தண்ணீரையே வேறு பக்கம் திருப்பி விட்டிருக்கும்.

காரைக்குடியில் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடும் சிறிய வேதபாடக் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அங்கே வருகிறவர்கள் கூட்டம் முடிந்தபின் தயங்கி நின்று சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: முன்பிருந்த அனல் இப்போது இல்லை, விசுவாசமே குறைந்துவிட்டதோ என்று அச்சமாக இருக்கிறது என்பார்கள். அவர்களிடம் நான் உடனே விசுவாசத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. நேற்றுக் காலை கண் விழித்தது முதல் இரவு படுத்தது வரை என்ன நடந்தது என்று கேட்கிறேன். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு மறிப்பு அந்த ஒரு நாளுக்குள்ளேயே தென்பட்டுவிடுகிறது.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் விதைக்கிறவன் உவமையைக் கவனித்துப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. முள்ளுள்ள இடத்தில் விழுந்த விதை செத்துப்போகவில்லை. அது முளைத்தது, வளரவும் செய்தது, ஆனால் நெருக்கப்பட்டுப் பலன் கொடாமல் போனது. அதை நெருக்கியவற்றை இயேசு மூன்றாகச் சொல்கிறார்: உலகக் கவலைகள், ஐசுவரியத்தின் மயக்கம், மற்றவைகளைப் பற்றிய இச்சைகள். அந்த ‘மற்றவைகள்’ என்ற சொல்லின் முன் நான் பலமுறை நின்றிருக்கிறேன். பெயர் சொல்லும் அளவுக்குப் பெரியவையாக இல்லாத, பாவம் என்று யாரும் கண்டிக்காத, தினமும் வீட்டுக்குள் வந்து போகும் சிறுசிறு காரியங்களே அவை. நம் பக்கத்துக் கருவேலங்காட்டைப் போல, யாரும் பாத்தி கட்டி நடாமலே அவை வளர்ந்துவிடுகின்றன.

கீழே உள்ள குறிப்புகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகச் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் சோதித்துப் பாருங்கள். ஆனால் தொடங்குமுன் எல்லோரும் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு.

முதலாவது, ஏழு நாள் ஏடு

ஒரு சிறிய நோட்டில் ஏழு கோடுகள் போட்டு, நாளுக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெபமோ வேதவாசிப்போ தடைப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்த நாளின் கோட்டில் ஒரு புள்ளி வைத்து, தடுத்தது எது என்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள்: போன், பால்காரர், பையன், பயம், தூக்கம். அதற்கு மேல் விளக்கமோ தன்னைத் தானே கடிந்துகொள்வதோ தேவையில்லை. இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குறிப்பிட்ட குறையைத் திருத்த விரும்புவோருக்கு இப்படித்தான் கோடுகளில் புள்ளியிட்டு, நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடச் சொன்னார். நம் பகுதியில் அருளானந்தர் என்று அறியப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் இரத்தசாட்சியாக மரித்த ஜான் டி பிரிட்டோ அந்தச் சபையில் பயின்றவர். சீர்திருத்த சபையைச் சேர்ந்த நான் இந்தப் பழக்கத்தை அவர்களிடமிருந்து நன்றியோடு எடுத்துக்கொண்டேன்.

ஏட்டை எழுதும் ஏழு நாளும் எதையும் மாற்ற முயல வேண்டாம். வரத்துக்காலை நடந்து பார்க்கும் நாளிலேயே மண்வெட்டியைக் கையில் எடுத்தால், முதலில் கண்ணில் படும் மேட்டை வெட்டிவிட்டு உண்மையான மறிப்பைக் காணாமல் திரும்பிவிடுவோம்.

இரண்டாவது, உடல்

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே என்று சாவை வேண்டியபோது, கர்த்தர் அவருக்கு முதலில் உபதேசம் எதுவும் செய்யவில்லை என்பதை 1 இராஜாக்கள் 19 காட்டுகிறது. அவரைத் தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். மீண்டும் தூங்க விட்டார். மீண்டும் உணவு கொடுத்தார். அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகே வருகிறது. நீங்கள் நாளுக்கு ஐந்து மணி நேரமே தூங்குகிறீர்கள் என்றால், கீழே உள்ள எந்த அறிகுறியையும் ஆராயுமுன் ஒரு வாரம் நன்றாகத் தூங்கிப் பாருங்கள். என் தாயார் நோயுற்றிருந்த ஆண்டில், இரவு ஒரு மணி வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் ஜெபம் வரவில்லையே என்று மாதக்கணக்கில் அழுதிருக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது கண்ணீர் அல்ல, பத்து மணிக்குப் படுக்கை.

அறிகுறி: முழங்காலிட்ட சில நிமிடங்களிலேயே மனம் எங்கோ போய்விடுகிறது

எல்லோரும் சொல்லும் குறை இதுதான். ஆனால் ஒரே காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல், இதற்கும் காரணம் ஒன்றல்ல. உங்கள் ஏட்டை எடுத்து, புள்ளிகளுக்கு அருகில் உள்ள சொற்கள் வெளியிலிருந்து வந்தவையா, வீட்டு வேலையைச் சார்ந்தவையா, மனத்துக்குள்ளிருந்தே எழுந்தவையா என்று பிரித்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வந்தவை என்றால், செட்டிநாட்டுக் குடும்பங்களில் ஒரு தனிப்பட்ட காரணத்தை முதலில் சோதிக்க வேண்டும். நம் வீடுகளில் ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலிடும்போது அங்கே ஏழரை ஆகியிருக்கும். வேலைக்குப் புறப்படும் அந்தப் பிள்ளைகள் குடும்பக் குழுவில் காலை வணக்கத்தையும், ஒரு வாக்குத்தத்த வசனத்தையும், பேரனின் படத்தையும் அனுப்புவது அந்த நேரத்தில்தான். அனுப்புவது அன்பினால்தான், அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அலாரமும் கைப்பேசியிலேயே இருப்பதால், அதை நிறுத்தக் கையில் எடுக்கும் கணத்திலேயே அந்த நாளின் முதல் கவனம் திரைக்குப் போய்விடுகிறது.

இதற்கு மன உறுதியை நம்ப வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக்கொண்டு, கைப்பேசியை இரவிலேயே அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். ஒலியை அடக்கிப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் போதாது என்பது என் அனுபவம். கவிழ்ந்து கிடந்தாலும் அது என்ன கொண்டு வந்திருக்கும் என்று மனத்தின் ஒரு பகுதி காத்துக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டில் உள்ளவர்களிடம், நம் நேரப்படி காலை ஆறரைக்குப் பிறகு அழையுங்கள், அவசரம் என்றால் மட்டும் வீட்டில் இன்னாருடைய எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். யாரும் வருத்தப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

புள்ளிகளுக்கு அருகில் எரிவாயு பதிவு, பள்ளிக் கட்டணம், மோட்டார் போடவில்லை, கல்யாண மொய் என்றெல்லாம் எழுதியிருந்தால், அது மறந்துவிடுவோமோ என்ற அச்சம். அதற்கு மருந்து எளியது. ஜெபிக்கும் இடத்தில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, நினைவு வந்ததை ஒரு சொல்லாக எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். தாள் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் மனம் அதைச் சுமப்பதை விட்டுவிடுகிறது.

மூன்றாவது வகைதான் கடினம். கைப்பேசி இல்லை, வேலையும் இல்லை, ஆனாலும் மனம் தானாக அலைகிறது. இப்படி அலைவதை ஆவிக்குரிய வீழ்ச்சியாக எண்ணி நொந்துபோகிறவர்களுக்கு நான் புனித அகஸ்தீனைப் பற்றிச் சொல்வது வழக்கம். அவர் ஆயராக இருந்த காலத்தில் எழுதிய ‘பாவ அறிக்கை’ என்ற நூலில், வீட்டில் அமர்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி தன் வலையில் பூச்சியைச் சுற்றுவதும்கூடத் தம் கவனத்தைக் கட்டிவிடுகின்றன என்று ஒளிக்காமல் சொல்கிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பு வட ஆப்பிரிக்காவில் அவர் பார்த்த அதே பல்லிதான் நம் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. மனம் போவது இயல்பு. போனது தெரிந்ததும் திரும்பி வருவதே ஜெபம். ஒரு மணிநேரத்தில் முப்பதுமுறை போய் முப்பதுமுறை திரும்பியவர், முப்பதுமுறை தேவனைத் தேர்ந்துகொண்டிருக்கிறார். திரும்பும்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள், ஏனெனில் அந்தத் திட்டலும் ஒரு கவனச்சிதறலே. ஒரு சங்கீதத்தின் ஒரே வரியை மெல்லிய குரலில் வாய்விட்டுச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

ஒரு நுட்பமான சோதனையும் உண்டு. ஏட்டில் ஒரே நபரின் பெயரோ ஒரே கவலையோ மூன்று நாளுக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதை ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று ஒதுக்குவதை நிறுத்திவிட்டு, அதையே ஜெபமாக்குங்கள். அடகில் இருக்கும் நகையும் திருமணம் ஆகாத தங்கையும் தேவனுக்கு முன்பாகப் பேசத் தகாத விஷயங்கள் அல்ல. அந்தப் பெயர் நீங்கள் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவருடையது என்றால், மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னபடி காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அந்தச் சகோதரரிடம் போய் வாருங்கள். எந்த ஜெப முறையும் அந்தப் பயணத்துக்கு ஈடாகாது.

இடம் இல்லை என்ற குறையையும் இங்கேயே பேசிவிடுகிறேன். செட்டிநாடு என்றதும் வளவும் பட்டாலையும் இரண்டாம் கட்டுமாக நீளும் பெரிய வீடுகளே வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் எங்கள் குழுவில் பெரும்பாலோர் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் ஐந்து பேராக இருப்பவர்கள். அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபம் செய் என்ற மத்தேயு 6ஆம் அதிகாரத்துச் சொல் அவர்களுக்கு எட்டாததுபோல் தோன்றும். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குப் பண்டங்களைச் சேர்த்து வைக்கும் உள்ளறை என்றும் பொருள். நம் ஊரில் உக்கிராண அறை என்கிறோமே, அதுதான். அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஒருவர் உட்காரும் இடம் இருந்தால் அது போதும். அதுவும் இல்லாதவர் மொட்டைமாடிக்குப் போகலாம். இயேசுவும் இருட்டோடே எழுந்து வெளியேதான் போனார்.

அறிகுறி: வேதம் வாசிக்கிறேன், ஆனால் மூடியதும் ஒன்றும் நினைவில் இல்லை

ஒரே ஆண்டில் வேதம் முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்ற அட்டவணையை நீங்கள் கடைப்பிடிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அட்டவணை நல்லதே, ஆனால் மூன்று நாள் பின்தங்கியவர், விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் எண்ணிக்கைக்காகவே அதிகாரங்களைத் தாண்டிக்கொண்டே போகிறார். அவருக்குக் கவனச்சிதறலாக இருப்பது அந்த அட்டவணையேதான்.

அட்டவணை இல்லை என்றால், துண்டு வசனங்களைச் சோதியுங்கள். நாள் முழுவதும் நிலைத்தகவல்களிலும் குழுக்களிலும் பூப்படத்தின்மேல் எழுதப்பட்ட வசனங்கள் வந்துகொண்டே இருப்பதால், வேதத்தைப் படித்துவிட்டோம் என்ற நிறைவு படிக்காமலே உண்டாகிவிடுகிறது. சீப்புச்சீடையும் தேன்குழலும் கொறித்துக்கொண்டே இருந்தவனுக்குச் சோற்றுப் பசி எடுக்காது. ஒரு மாதத்துக்கு வசனப் படங்களைப் பார்ப்பதையும் அனுப்புவதையும் நிறுத்திவிட்டு, ஒரே நற்செய்தி நூலை எடுத்து, நாளுக்குப் பத்து வசனம் மட்டும், வாய்விட்டு, மூன்றுமுறை வாசியுங்கள். மூன்றாம் முறை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் நான்காம் முறை வாசியுங்கள்.

மொழியும் தடையாக இருக்கலாம். நாம் சபையில் பயன்படுத்தும் பழைய வேத மொழிபெயர்ப்பான பழைய திருப்புதல் 19ஆம் நூற்றாண்டின் தமிழில் அமைந்தது. அதன் ஓசை என் எலும்பிலேயே ஊறியிருப்பதால் அதை நான் விடமாட்டேன். ஆனால் ஆங்கில வழியில் படித்த என் மகனுக்கு ‘பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு சொல்லிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. அவனைப் போன்றவர்கள் எளிய தமிழ்ப் பெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததே, இங்குள்ளவர்களுக்குப் புரிகிற மொழியில் வார்த்தை சேர வேண்டும் என்பதற்காகத்தானே.

அறிகுறி: சபை வேலை ஓயவில்லை, உள்ளே மட்டும் வறண்டு கிடக்கிறது

இந்த அறிகுறியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கைப்பேசியில் நேரம் போனவருக்குக் குற்ற உணர்வாவது இருக்கும். ஊழியத்தில் நேரம் போனவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. பெண்கள் ஐக்கியத்தின் கணக்கு, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு ஒத்திகை, ஆலய ஆண்டு விழாவின் பந்தல், வெளியூர்ப் போதகருக்குச் சாப்பாடு, குழுவில் அறிவிப்பு அனுப்புவது என்று ஒருவர் தலையிலேயே எல்லாம் வந்து விழும். விருந்தோம்பலில் குறை வைக்கக் கூடாது என்பது இந்த மண்ணின் வழக்கம். இலையில் எட்டுக் கறிக்குக் குறைவாக வைத்தால் வீட்டுப் பெயர் கெட்டுவிடும் என்று எண்ணும் ஊரில் பிறந்த நமக்கு, இயேசுவை உபசரிக்கும் வேலையிலேயே மூழ்கிப்போன மார்த்தாள் மிக நெருங்கிய உறவு.

லூக்கா 10ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். மார்த்தாளைப் பற்றி லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு நாலாபக்கமும் இழுக்கப்படுதல் என்று பொருள். இயேசு அவள் சமைத்ததைக் குறை கூறவில்லை. அநேக காரியங்களைக் குறித்து அவள் கவலைப்பட்டுக் கலங்குவதையே சுட்டிக்காட்டினார். பிரச்சினை சமையலறையில் இருந்தது என்றால், 17ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரின் ஒரு மடத்தில் ஆண்டுக்கணக்காகச் சமையல் வேலை செய்துகொண்டே தேவ பிரசன்னத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்சு அங்கே எதையும் பெற்றிருக்க முடியாது. அவர் மறைந்தது 1691. அருளானந்தர் ஓரியூரில் வெட்டுண்டதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. ஒருவர் அடுப்படியில், மற்றவர் மறவர் சீமையின் மணலில். இருவருக்கும் கவனம் ஒரே இடத்தில் நின்றது.

சோதனை இதுதான்: நீங்கள் செய்யும் ஊழிய வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை நான் விட்டுவிட்டால் எனக்கு என்ன தோன்றும் என்று எழுதுங்கள். வேலை நின்றுவிடுமே என்ற கவலை எழுந்தால் அதை வேறொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். என்னை யாரும் தேடமாட்டார்களே என்ற வலி எழுந்தால் மறிப்பு அங்கே இருக்கிறது. அந்த வேலையைத்தான் ஆறு மாதம் கீழே வைக்க வேண்டும். இதைப் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், திடீரென்று நின்றுவிட்டால் ஊரில் கதை கட்டிவிடுவார்கள். நானும் ஒருமுறை இசைக்குழுவின் பொறுப்பை இப்படிக் கீழே வைத்தேன். முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கை வெறுமையாக இருப்பதுபோல் தவித்தேன். மூன்றாம் மாதம், பாடலின் சொற்கள் முதன்முறையாக என் காதில் விழுந்தன.

அறிகுறி: குடும்ப ஜெபம் நின்றுபோய்விட்டது

காலையில் சிங்கப்பூர் என்றால் இரவில் வளைகுடா. துபாயில் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால்; அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்த தகப்பன் எட்டு மணிக்கு அழைத்தால் இங்கே ஒன்பதரை. அதற்குள் தொடர் தொடங்கியிருக்கும், கடையை அடைத்துவிட்டு ஒருவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், டியூஷன் முடிந்து வந்த பிள்ளை தூங்கி விழும். எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தே ஜெபம் நாளை, நாளை என்று தள்ளிப்போகிறது.

எல்லோரும் சேரும் நேரத்தைத் தேடுவதை விட்டுவிடுங்கள். யார் இருக்கிறார்களோ அவர்களோடு, இரவு உணவுக்கு முன்பு, பத்தே நிமிடம்: ஒரு பாடல், ஐந்து வசனம், ஒவ்வொருவரும் ஒரு வரி ஜெபம். நீண்ட ஜெபம் செய்யும் மூத்தவர் இருந்தால் அவரிடம் தனியே பணிவாகப் பேசிவிடுங்கள். குடும்ப ஜெபத்திலிருந்து பிள்ளைகளை விரட்டுவது பெரும்பாலும் தொலைக்காட்சி அல்ல, முப்பது நிமிட ஜெபம். அப்பத்தா இருக்கும் வீடுகளில் கீர்த்தனையைத் தொடங்குவது அவர் பொறுப்பாக இருக்கட்டும். வளைகுடாவில் இருப்பவரை வாரத்தில் ஒருநாள், அவருடைய விடுமுறை நாளில், அழைப்பிலேயே ஜெபத்தை நடத்தச் சொல்லுங்கள். குடும்பத்தைப் பிரித்து வைத்த கைப்பேசி அந்த இரவிலாவது அதைச் சேர்த்து வைக்கும். எங்கள் குழுவில் ஒரு வீட்டில் தகப்பன் இரண்டு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் இப்படி ஜெபம் நடத்துகிறார். அன்று மட்டும் அந்த வீட்டுச் சின்னப் பெண் தொடரைப் பற்றிக் கேட்பதே இல்லையாம்.

அறிகுறி: ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறேன், மனம் அங்கே இல்லை

பெரும்பாலும் இது சனிக்கிழமை இரவின் நோய். முகூர்த்த மாதங்களில் வரவேற்பு முடிந்து பதினொன்றரைக்கு வீடு திரும்பியவர் காலையில் பிரசங்கத்தைக் கேட்க முடியாதது அதிசயம் அல்ல. வரவேற்புக்குப் போய்ச் சாப்பிட்டு எட்டரைக்குப் புறப்பட்டுவிடுங்கள். முன் வரிசையில் உட்காருங்கள். வேதத்தைக் கைப்பேசியில் திறக்காமல் புத்தகத்தில் திறங்கள். இந்த மூன்றும் போதும்.

அறிகுறி: நண்பகல் நேரத்தில் எதிலும் நிலைகொள்ளாத சலிப்பு

கடைவீதியில் பங்குனி, சித்திரை வெயில் ஏறி ஆள் நடமாட்டம் அற்றுப்போகும் நேரம். கல்லாவில் இருப்பவரின் கை தானாகத் திரைக்குப் போகிறது. ஒரு நிமிடக் காணொளி ஒன்று, இன்னொன்று, கண் நிமிர்ந்தால் மணி மூன்றரை. காலையில் செய்த தியானம் எங்கே போனது என்றே தெரிவதில்லை. எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாகிரியு என்ற துறவி இதே நேரத்தைத்தான் நண்பகல் பேயின் நேரம் என்றார். சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும், துறவி மீண்டும் மீண்டும் சன்னல் பக்கம் பார்ப்பார், வேறு ஏதாவது ஊரில் இருந்தால் நன்றாக ஜெபிக்கலாமே என்று நினைப்பார் என்று அவர் விவரிப்பதைப் படித்தபோது, எங்கள் ஊர்க் கடைத்தெருவை அவர் பார்த்திருப்பாரோ என்று வியந்தேன். அவருக்குச் சன்னல் இருந்தது. நமக்கு அது சட்டைப்பையில் இருக்கிறது.

அந்தத் துறவிகள் கண்ட மருந்து கைவேலை. மனம் சோர்ந்து தவித்த எகிப்தியத் துறவி அந்தோனியாருக்கு, ஒருவர் உட்கார்ந்து ஓலையில் கயிறு பின்னுவதும், எழுந்து ஜெபிப்பதும், மீண்டும் உட்கார்ந்து பின்னுவதுமாகத் தேவதூதன் காட்டப்பட்டான் என்பது அவர்களுடைய பழைய கதை. செட்டிநாட்டில் பனையோலைக் கொட்டான் பின்னும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கை ஓலையில் ஓடும்போது நெஞ்சு விடுதலையாக இருக்கிறது. முறுக்குப் பிழிகிறவர், ஆத்தங்குடியில் கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் செய்கிறவர், தையல் மிதிக்கிறவர் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு வேலையிலேயே உள்ளது. கல்லாவில் இருப்பவர், மதியம் ஒன்று முதல் மூன்று வரை கைக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்ளட்டும்: சரக்கை அடுக்குதல், பட்டியலை எழுதுதல். அதன் நடுவே அரைமணிக்கு ஒருமுறை ஒரே வரி ஜெபம். இடத்தை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பதே அந்த நேரத்தின் பெரிய வேலை.

அறிகுறி: எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன், வறட்சி மட்டும் போகவில்லை

கைப்பேசி அடுப்படியில், தூக்கம் சரி, உறவுகள் சரி, ஏட்டில் புள்ளிகளும் குறைவு. ஆனாலும் ஜெபத்தில் எதுவும் தோன்றவில்லை என்றால், அது கவனச்சிதறல் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள். இன்னும் எதையோ விட்டொழிக்க வேண்டும் போலும் என்று வீட்டையே காலி செய்ய வேண்டாம்.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஜெபத்தில் மட்டுமல்லாமல் சாப்பாட்டிலும் பிள்ளைகளிடத்திலும் வேலையிலும் இரண்டு வாரத்துக்கு மேல் எந்த விருப்பமும் இல்லை, தூக்கம் கெட்டுவிட்டது, வாழ்ந்து என்ன என்ற நினைவு வருகிறது என்றால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவரிடமாவது அன்றே வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. அப்படிப்பட்டவரிடம் இன்னும் ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வதற்குச் சமம். எலியாவுக்கு அடையைக் கொடுத்த தேவன் நமக்கு மருந்தையும் கொடுத்திருக்கிறார்.

மற்றவை யாவும் இயல்பாக இருக்க, ஜெபம் மட்டும் வறண்டிருந்தால், இஞ்ஞாசியாரின் இரண்டு அறிவுரைகளைக் கடைப்பிடியுங்கள். வறட்சியின் காலத்தில், முன்பு தெளிவான மனத்தோடு எடுத்த தீர்மானத்தை மாற்றாதீர்கள். அரைமணி என்று வைத்திருந்தால் அரைமணி. எழுந்துவிடலாம் என்று தோன்றும்போது இன்னும் சில நிமிடம் கூடுதலாக இருங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலாவின் தெரேசாள் ஜெபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிட்டு, அதன் நான்கு வழிகளைச் சொல்கிறார்: கிணற்றிலிருந்து கையால் இறைத்தல், வாளிகள் கட்டிய உருளையால் இறைத்தல், ஓடையிலிருந்து பாய்ச்சுதல், மழை. முதலாவது வழியில் தோள் வலிக்கும். சில நாள் கிணற்றிலும் நீர் இராது. ஆனாலும் தோட்டக்காரர் வாளியோடு போய் நிற்க வேண்டும் என்பார் அவர். மழை அவர் கையில் இல்லை. வரத்துக்காலைச் சுத்தமாக வைத்திருப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது என்பதைக் கண்மாயையும் ஊருணியையும் நம்பிப் பிழைத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரியாகிவிட்டதா என்று அறிய

ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, இரண்டாவது வாரத்துக்கு மீண்டும் ஏழு கோடுகள் போடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. வாரம் முடிந்ததும் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதைவிட, எழுதியிருக்கும் சொல் மாறியிருக்கிறதா என்பதே முக்கியம். போன் என்று இருந்த இடத்தில் இப்போது பயம் என்று வந்திருந்தால், மேலே கிடந்த குப்பை நீங்கி அடியில் இருந்த கல் தெரியத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது பொருந்தும் அறிகுறிக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.